முதல் வருஷப் பாடம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் நேற்று ராத்திரி போன் பண்ணினார். "அண்ணே, இருபது நிமிஷம்தான். அதுக்கு மேல போனா சாம்பார் ஆறிடும்" என்றார். சாம்பாரை ஆற விட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் இந்தக் கல்லூரியில் பி.காம். படித்தவன். பிறகு முப்பத்து நாலு வருஷம் வங்கி வேலை. குமாஸ்தாவாக நுழைந்து, கிளை மேலாளராக ஓய்வு பெற்றேன். "முதலாண்டு மாணவர்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனிடம் அவனுடைய முதல் வருஷப் புத்தகங்களை வாங்கிப் புரட்டினேன். மேலாண்மை அறிமுகம், நிதி அறிமுகம், அரசியல் அறிமுகம், படிக்கும் முறை பற்றி ஒரு சின்னப் புத்தகம். "இதெல்லாம் சும்மா அங்கிள், பாஸ் பண்ணினா போதும். மூணாம் வருஷம்தான் உண்மையான பாடம்" என்றான்.

அவனுக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கேயும் சொல்லப் போகிறேன். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கண் கலங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூணாம் வருஷப் பாடம் தெரியாததால் கஷ்டப்பட்டவர் அதில் ஒருவர் கூட இல்லை. எல்லாரும் மாட்டிக்கொண்டது முதல் வருஷப் புத்தகத்தின் முதல் நாலு அத்தியாயத்தில்தான்.

வட்டியைக் கேட்காதீங்க, கணக்கைக் கேளுங்க

முதலில் பணம். ஒருவர் கடைக்குப் போகிறார், வண்டி வாங்க. "ஒரு லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 24 மாசத் தவணை" என்கிறார்கள். வருஷத்துக்கு 12,000, இரண்டு வருஷத்துக்கு 24,000. ஆக 1,24,000 ரூபாயை 24 ஆல் வகுத்தால் மாசம் 5,167 ரூபாய். சரியாகத்தானே இருக்கிறது?

அதே 12 சதவீதத்துக்கு வங்கியில் குறையும் நிலுவைக் கணக்குப்படி கடன் வாங்கினால் மாசத் தவணை 4,707 ரூபாய்தான். மொத்த வட்டி சுமார் 12,976 ரூபாய். அங்கே 24,000, இங்கே 13,000. இரண்டுமே "12 சதவீதம்"தான்! விஷயம் என்னவென்றால், மாசா மாசம் நீங்கள் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். ஆனால் முதல் கணக்கில், கடைசி மாசம் வரைக்கும் முழு லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். அதை 'பிளாட் ரேட்' என்பார்கள். அந்த 12 சதவீதத்தின் நிஜ முகம் சுமார் இருபத்தொன்றரை சதவீதம்.

தினத் தண்டலைப் பாருங்க. 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வசூல் பண்ணுவார்கள். "வெறும் 1,500 ரூபாதானே" என்று தோன்றும். கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 120 சதவீதத்துக்கும் மேலே போகிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் தனிச் சட்டமே வந்தது. ஆனாலும் கணக்குப் போடத் தெரிந்தவன் வீட்டு வாசலுக்குச் சட்டம் வர வேண்டிய அவசியம் குறைவு.

இப்போது செல்போனிலேயே ஐந்து நிமிஷத்தில் கடன் தருகிறார்கள். மாணவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள் என்பதால் சொல்கிறேன். 1-10-2024 முதல், தனிநபருக்குக் கொடுக்கும் எந்தத் தவணைக் கடனுக்கும், எல்லாச் செலவும் சேர்ந்த வருடாந்திர வட்டி விகிதத்தோடு ஒரு விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்தத் தாளைக் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கல்விக் கடன் வாங்கியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொதுவாகப் படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி தூங்குவதில்லை. ஒரு லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் நாலு வருஷத்தில் 40,000 ரூபாய் ஏறி நிற்கும். மாசம் 833 ரூபாயை வட்டியாக மட்டும் கட்டி வந்தால், வேலைக்குப் போகும்போது அதே ஒரு லட்சம்தான் பாக்கி. முடிந்தவர்கள் பாதியாவது கட்டுங்கள்.

இன்னொரு சின்னச் சூத்திரம். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக ஏறக்குறைய எத்தனை வருஷம் ஆகும் என்று தெரிந்துவிடும். 6 சதவீதம் என்றால் 12 வருஷம். 36 சதவீதம் என்றால் 2 வருஷம். "36 சதவீதம் தருகிறேன்" என்று ஒருவர் நோட்டீஸ் கொடுத்தால், கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். இரண்டு வருஷத்தில் போட்ட பணம் இரட்டிப்பாகிற வியாபாரம் எது ஐயா? அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1920-ல் சார்லஸ் போன்ஸி என்பவர் 45 நாளில் 50 சதவீத லாபம் என்றார். பின்னால் வந்தவர் பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்குக் கொடுத்தார். அதே வருஷமே குட்டு உடைந்தது. தொண்ணூறுகளில் நம் மாநிலத்தில் பைனான்ஸ் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தியபோது, ஓய்வூதியப் பணத்தை முழுசாகப் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். அதனால்தான் 1997-ல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வங்கி வைப்புக்கு இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. 2020-ல் அந்த வரம்பு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்ந்தது. தெருமுனைப் பைனான்ஸ் கம்பெனியில் போடும் பணத்துக்கு அது கிடையாது.

ஒரு கையெழுத்தின் விலை

நான் மேலாளராக இருந்த ஒரு சின்ன ஊர்க் கிளையில் நடந்தது. ஊர், பேர் வேண்டாம். மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர், சிநேகிதர் ஒருவர் லாரி வாங்குவதற்கு மூணு லட்சத்துக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வந்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பதால் மகளையும் அழைத்து வந்திருந்தார். அந்தப் பெண் பி.காம். முதல் வருஷம்.

பெரியவர் பேனாவைத் திறந்துவிட்டார். மகள், "இருங்கப்பா" என்று பத்திரத்தை வாங்கிப் படித்தது. ஒரு கால் மணி நேரம். கடன் வாங்குகிற சிநேகிதர் நெளிந்தார். பிறகு என்னிடம் கேட்டது: "சார், மாமா கட்டலைன்னா முதல்ல அவர் மேல கேஸ் போட்டு, லாரியை வித்து, அதுக்கப்புறம்தானே எங்கப்பாகிட்ட வருவீங்க?"

"இல்லம்மா. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128. கடன் வாங்கினவருக்கு என்ன பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அதே பொறுப்பு. வங்கி நேரா உங்கப்பாகிட்டயே வரலாம்" என்றேன். என் வேலை கடன் கொடுப்பதுதான். ஆனால் கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்வதும் என் வேலைதானே.

அந்தப் பெண் அப்பாவைப் பார்த்துச் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அப்பா, மாமாவுக்காகக் கையெழுத்துப் போடறதா நினைக்காதீங்க. நீங்களே மூணு லட்சம் கடன் வாங்கறதா நினைச்சுக்குங்க. கட்ட முடியுமா?"

பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "நாப்பது வருஷப் பழக்கம்மா. இல்லேன்னு எப்படிச் சொல்றது?" என்றார். அதற்கும் அந்தப் பெண்ணிடம் வழி இருந்தது. "வேற மாதிரி எழுதிக்கிட்டா செல்லுமா சார்?" என்று கேட்டது. செல்லும். 'ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத வரை' என்ற நிபந்தனை அதே பிரிவில் இருக்கிறது. ஜாமீனுக்கு வரம்பு கட்டலாம். கடைசியில் பெரியவர் ஒரு லட்சத்துக்கு மட்டும் ஜாமீன். மீதிக்குச் சிநேகிதரின் தம்பி. மேலிடத்தில் எழுதி அனுமதி வாங்கி, பத்திரத்தை மாற்றி எழுதினோம்.

இரண்டு வருஷம் கழித்து லாரி ஒரு விபத்தில் மாட்டி நின்றது. தவணை நின்றது. கடன் வாராக் கடனாயிற்று. பெரியவருக்கும் நோட்டீஸ் போயிற்று. நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இரண்டு மாட்டை விற்று, பாக்கியைச் சிறுகச் சிறுகக் கட்டித் தீர்த்தார். கஷ்டம்தான். ஆனால் அந்த ஓட்டு வீடு அவர்களிடமே இருந்தது. மூணு லட்சமாக இருந்தால் வீடு போயிருக்கும், அந்தப் பெண்ணின் படிப்பும் போயிருக்கும். நாப்பது வருஷ சிநேகிதமும் அறுந்து போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண் காப்பாற்றியது முதல் வருஷப் பாடத்தை வைத்துத்தான். வீட்டிலேயே முதல் முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு பத்திரத்தையும் படிக்கும் கண் நீங்கள்தான்.

எந்தக் கதவைத் தட்டுவது?

இரண்டாவது, அரசியல். அரசியல் என்றதும் கொடி, கூட்டம், தேர்தல் என்று நினைக்கிறோம். அந்தப் பாடப் புத்தகம் கேட்கிற கேள்வி வேறு. யாரிடம் என்ன அதிகாரம் இருக்கிறது, எந்தச் சட்டப்படி இருக்கிறது, அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? இந்த மூணும் தெரியாதவன் தப்பான கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்து உட்கார்ந்துவிடுவான்.

வங்கியில் பிரச்சினை என்றால் பலர் கலெக்டரிடம் மனுக் கொடுப்பார்கள். கலெக்டர் ஆபீஸ் அதை எங்களுக்கே அனுப்பும். அதற்குள் இரண்டு மாசம். வங்கித் தொழில், ரயில்வே எல்லாம் மத்தியப் பட்டியல். போலீஸ், பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியல். கல்வி மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. 1976-ல் 42-ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டு போனது. இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணுகிறோம். ஆனால் இதுதான் கதவு எங்கே என்று காட்டும் வரைபடம். வங்கி மேல் புகார் என்றால் முதலில் வங்கிக்கே எழுதி ஒப்புகை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், கட்டணம் கிடையாது.

தகவல் அறியும் உரிமைக்குச் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் தமிழ்நாடு என்பது தெரியுமா? 1997-ல். நாடு முழுமைக்கும் வலுவான சட்டம் 2005-ல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். உதவித்தொகை வரவில்லை என்று ஒரு அலுவலகத்துக்குப் பதினோரு தடவை நடந்த ஒரு மாணவனை எனக்குத் தெரியும். "அடுத்த வாரம் வா" என்ற பதிலைத் தவிர அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "என் விண்ணப்பம் எந்தத் தேதியில், எந்த மேஜையில், எந்த நிலையில் இருக்கிறது?" என்று ஒரே ஒரு கேள்வி எழுதிப் போட்டான். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தப்பு என்று பதில் வந்தது. திருத்திக் கொடுத்தான், பணம் வந்தது. சண்டை இல்லை, சிபாரிசு இல்லை.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தது. அதன்படி கிராம சபைக்கு உறுப்பினர் யார் தெரியுமா? வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற எல்லாரும். வாக்களிக்கும் வயது 1989-ல் 21-லிருந்து 18 ஆனது. ஆக, இங்கே உட்கார்ந்திருக்கிற நீங்களும் உறுப்பினர்தான், பட்டியலில் பேர் சேர்த்திருந்தால். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூடுவது வழக்கம். பின்னால் மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளும் சேர்ந்தன. ஊராட்சியின் வரவு செலவை அங்கே படிப்பார்கள். வணிகவியல் படிக்கிற பிள்ளை முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டால், படிக்கிறவர் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படிப்பார். அவ்வளவுதான், வேறொன்றும் செய்ய வேண்டாம்.

கல்யாண வீடும் கண் ஆஸ்பத்திரியும்

மூன்றாவது, மேலாண்மை. பிரான்சு நாட்டுச் சுரங்கக் கம்பெனி ஒன்றை நடத்திய ஹென்றி பேயால் 1916-ல் எழுதி வைத்த பதினாலு கொள்கைகளை எல்லாரும் படித்திருப்பீர்கள். அதில் ஒன்று, ஒருவருக்கு ஒரே மேலதிகாரியிடமிருந்துதான் உத்தரவு வர வேண்டும் என்பது. இதற்குப் பிரான்சுக்குப் போக வேண்டாம். கல்யாண வீட்டுப் பந்தியைப் பாருங்க. சித்தப்பா, "பாயசத்தை இப்ப கொண்டு வா" என்பார். மாமா, "ரசம் வரட்டும், நிறுத்து" என்பார். நடுவில் வாளியோடு நிற்கிற பையனின் நிலைமைதான் பாடம்.

நம் பக்கத்திலிருந்தே பெரிய உதாரணம் சொல்கிறேன். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப் போனவர். அந்த விரல்களோடுதான் அறுவை சிகிச்சை கற்றுக்கொண்டு செய்தார். 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். கண்புரையால் பார்வை இழப்பது வீண் இழப்பு, ஒரு சின்ன அறுவை சிகிச்சையில் திரும்பப் பெறக்கூடியது. ஆனால் ஏழைகளிடம் பணம் இல்லை, நாட்டில் போதுமான டாக்டர்களும் இல்லை.

அவர் செய்தது மேலாண்மை. ஹாம்பர்கர் கடை நடத்துகிற அமெரிக்கக் கம்பெனி எப்படி எல்லா ஊரிலும் ஒரே தரத்தில், குறைந்த செலவில் கொடுக்கிறது என்று யோசித்தார். டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதை டாக்டர் செய்யட்டும். பரிசோதனை, தயார்படுத்துதல், கட்டுப் போடுதல் எல்லாம் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்கள் செய்யட்டும் என்று வேலையைப் பிரித்தார். ஒரு டாக்டருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை. ஒரு அறுவை முடிந்ததும் அடுத்த நோயாளி தயார். உள்ளே வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து எட்டாத விலையில் வந்தது. 1992-ல் ஆரோலேப் என்று சொந்தத் தொழிற்சாலை தொடங்கி விலையைப் பல மடங்கு இறக்கினார்கள். பணம் கட்ட முடிந்தவர் கட்டினார். பெரும்பாலோருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ கண் கிடைத்தது. வேலைப் பகிர்வு, தரக் கட்டுப்பாடு, செலவுக் கணக்கு என்று இங்கே வேலை செய்ததெல்லாம் உங்கள் முதல் செமஸ்டர் புத்தகத்தில் இருக்கிற தலைப்புகள்தான். உலகத்தின் பெரிய மேலாண்மைக் கல்லூரிகள் இதைப் பாடமாக வைத்திருக்கின்றன.

புத்தகத்தை மூடிப் படியுங்க

கடைசியாகப் படிக்கும் முறை. சொன்னதெல்லாம் மண்டையில் நின்றால்தானே உபயோகம்?

ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் தன்னையே சோதனைப் பொருளாக்கி, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். படித்த முதல் ஒரு நாளுக்குள்ளேயே பெரும் பகுதி போய்விடுகிறது. அதன் பிறகு மறதி மெதுவாகிறது. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்து வைத்த பரீட்சையில் வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மட்டும் படிக்கிறவர்களுக்கு ஏன் மூணாம் நாள் ஒன்றுமே நினைவிருப்பதில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

நம் பவணந்தி முனிவர் இதையெல்லாம் நன்னூல் பாயிரத்திலேயே சொல்லிவிட்டார். கேட்டதை நினைத்துப் பார், ஆசிரியரிடம் போய்ச் சந்தேகம் கேள், கூடப் படிக்கிறவர்களோடு பழகிக் கேள்வி கேட்டுப் பதில் சொல் என்கிறார். ஒரே பாடத்தை இரண்டாம் தடவை கேட்டால் பிழை குறையும், மூன்றாம் தடவை கேட்டால் எடுத்துச் சொல்லும் திறமை வரும் என்கிறார்.

ஆகவே சுருக்கமாக ஒரு முறை. வகுப்பு முடிந்த அன்று சாயந்திரம் புத்தகத்தை மூடி வைத்து, ஒரு வெள்ளைத் தாளில் நினைவிருப்பதை எழுதுங்கள். பிறகு திறந்து பார்த்து, விட்டதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். நாளைக்கு ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை அந்தச் சிவப்பை மட்டும் பாருங்கள். பத்து நிமிஷ வேலை. அதோடு வாரம் ஒரு நாள், படித்ததை வீட்டில் அம்மாவுக்கோ தம்பிக்கோ சொல்லிக் காட்டுங்கள். பிளாட் வட்டியை அம்மாவுக்குப் புரிய வைக்க முடிந்தால், அது உங்களுக்கு நிஜமாகவே புரிந்துவிட்டது. அம்மாவும் தண்டல்காரரிடம் கணக்குக் கேட்க ஆரம்பித்துவிடுவார்.

என் பழைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடித்துக்கொள்கிறேன். வருஷா வருஷம் கூடுகிறோம், சந்தா கொடுக்கிறோம், கட்டடத்துக்கு நன்கொடை கொடுக்கிறோம். நல்லதுதான். நம்மில் வக்கீல் இருக்கிறார், தாசில்தாராக இருந்தவர் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார், கடை நடத்துகிறவர் இருக்கிறார். மாசத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம், இந்தக் கல்லூரியின் ஒரு வகுப்பறையில் உட்காருவோம். பிள்ளைகள் வீட்டிலிருந்து பத்திரம், நோட்டீஸ், கடன் தாள், மனு எதுவானாலும் கொண்டு வரட்டும். நாம் படித்துக் கொடுக்க வேண்டாம். அவர்கள் படிக்கட்டும், நாம் பக்கத்தில் இருப்போம். முதல் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன். செயலாளர் தேதி சொன்னால் போதும்.

தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டில் யாராவது அவசரமாகக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தால், "இருங்கப்பா" என்று சொல்லுங்கள். அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் இந்தப் படிப்பு.

 சாம்பார் இன்னும் சூடாகத்தான் இருக்கும்.